விரதம் இருந்து ஓடிய வண்டி

மின்வண்டித் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் என்னைக் கண்டதும் கேட்பது ஒரே கேள்விதான். "அப்பவே எலெக்ட்ரிக் வண்டியா மேடம்? நிஜமாவா?" கேட்கும்போதே உங்கள் பார்வை என் நரைத்த தலைக்கு ஒருமுறை போய் வருவதையும் கவனிக்கிறேன். நிஜம்தான். எண்பதுகளின் தொடக்கத்தில், திருச்சிக்கு வெளியே இருந்த ஒரு தொழிற்சாலையில், பேட்டரியில் ஓடும் வேன் ஒன்றைச் செய்தோம். தொழிற்சாலையின் பெயரைச் சொல்ல மாட்டேன். என்னோடு வேலை பார்த்தவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள், காய்கறிக் கடையில் மடக்கிப் பிடித்துக்கொள்வார்கள்.

வண்டி எப்படிச் செய்வது என்று உங்களுக்கு நான் சொல்ல வரவில்லை. அதற்குப் புத்தகங்கள் இருக்கின்றன, என்னைவிடப் பொறுமையான ஆசிரியர்களும் இருக்கிறார்கள். செய்த வண்டியைத் தெருவில் இறக்கிவிட்ட பிறகு என்னவெல்லாம் நடக்கும் என்பதைத்தான் சொல்லப்போகிறேன். நாங்கள் திருதிருவென்று விழித்ததெல்லாம் அங்கேதான்.

முதலில் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன், நாலே பேர்தான். எங்கள் மேனேஜர், நல்ல மனிதர். பதற்றம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், ஆகவே கண்ணாடி எப்போதும் பளபளவென்று இருக்கும். ஓட்டுநர் காஜா பாய், பத்து ஊர் லாரி ஓட்டியவர். பேட்டரிகளைப் பார்த்துக்கொள்ள ரங்கராஜன். ஸ்ரீரங்கத்தில் ரேடியோ பழுது பார்ப்பதும் பேட்டரி சார்ஜ் போடுவதுமாக ஒரு சின்னக் கடை வைத்திருந்தவர், நெற்றியில் திருமண் இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை. எல்லோருக்கும் அவர் மாமா. நான்காவது ஆள் நான், பாலக்கரையிலிருந்து வந்த பிலோமினா. என்ஜினியரிங் படித்த பெண் என்பதே அப்போது தெருவில் நின்று பார்க்கிற சங்கதி. அவள் பேட்டரி வண்டி செய்கிறாள் என்றதும் எங்கள் மாதா கோயில் பங்கில் பாதிப் பேர் எனக்காக ஜெபிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

தொழிற்சாலையிலிருந்து வண்டியை முதன்முதலாக வெளியே ஓட்டிவந்த நாள். காவிரிப் பாலத்திலிருந்து இறங்கும் சரிவில் காஜா பாய் சட்டென்று சாவியைத் திருகி அணைத்துவிட்டார். லாரிக்காரர்களின் பழக்கம் அது. இறக்கத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு உருளவிட்டால் டீசல் மிச்சம். எங்கள் வண்டியிலோ, இறக்கத்தில் மோட்டாரே மின்சாரத்தை உண்டாக்கிப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும், கூடவே வேகத்தையும் பிடித்து நிறுத்தும். சாவியை அணைத்தால் இரண்டும் போச்சு. "பாய், அணைக்காதீங்க, அணைக்காதீங்க!" என்று கத்தினேன்.

"சும்மா உருள்ற வண்டிக்கு எதுக்கும்மா தீனி?" என்றார் அவர், என் அறியாமைக்கு இரங்கி.

மோட்டார் ஜெனரேட்டராக மாறுவதைப் பற்றி நான் ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். அவர் தலையை ஆட்டினார். அடுத்த இறக்கத்திலும் கை சாவிக்குப் போனது. அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. "பாய், மேட்டுல இந்த வண்டி சாப்பிடும். இறக்கத்துல சம்பாதிக்கும். சம்பாதிக்கிற நேரத்துல கடையைப் பூட்டுவீங்களா?" என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "சம்பாதிக்குதா? இதை முதல்லயே சொல்றதுக்கென்ன!" என்றார். அன்றோடு சரி, அதன்பிறகு இறக்கத்தில் அந்தச் சாவியை அவர் தொட்டதே இல்லை. யாராவது தொட்டால் சண்டைக்குப் போவார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வண்டியில் துளிச் சத்தம் இருக்கக் கூடாது என்று மாதக்கணக்கில் பாடுபட்டோம். ஒவ்வொரு ஆணியையும் இறுக்கி, ஒவ்வொரு தகட்டுக்கும் அடியில் ரப்பர் வைத்து, கடைசியில் பூனை மாதிரி ஒரு வண்டி செய்தோம். ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதியில் அந்தப் பூனை நுழைந்தபோது யாருமே நகரவில்லை. கோலம் போடுகிறவர்கள் குனிந்தபடியே இருந்தார்கள், மாடுகள் படுத்தபடியே இருந்தன, நடு வீதியில் அரசியல் பேசிக்கொண்டிருந்த இரண்டு பெரியவர்களுக்கு முதுகுக்குப் பின்னால் ஒரு வேன் நிற்பது வெகுநேரம் தெரியவில்லை. ஹாரன் அடித்தால் கோயில் வீதியில் இதென்ன அடாவடி என்று சண்டை. காஜா பாய் மறுநாள் வீட்டிலிருந்து ஒரு காலி டிபன் கேரியரைக் கொண்டுவந்து, உள்ளே ஒரு கரண்டியைப் போட்டு, முன்பக்கம் கட்டித் தொங்கவிட்டார். கடகடவென்று அது ஆடிக்கொண்டே போக, தெரு வழிவிட்டது. எங்கள் மேனேஜர் அதைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். உங்கள் வண்டிகளில் இப்போது ஒலிபெருக்கி வைத்துச் செயற்கையாகச் சத்தம் எழுப்புகிறீர்கள் என்று படித்தேன். காஜா பாய் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

காவிரிப் பாலம் தாண்டி மாம்பழச்சாலையில் ஒரு பழைய நெல் கிடங்கை எடுத்து வண்டிக்கு ஷெட் ஆக்கியிருந்தோம். உள்ளே ஒரு பீரோ அளவுக்குச் சார்ஜர். ராத்திரி முழுக்க உறுமிக்கொண்டே பேட்டரிகளை நிரப்பும், காலையில் வண்டி கிளம்பும். வயதானவர்களையும் நடக்க முடியாதவர்களையும் கோயிலுக்கு ஏற்றிப் போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவோம். சோதனை ஓட்டம் என்பதால் இலவசம். ஊருக்கு எங்களைப் பிடித்துப்போக அதுவும் ஒரு காரணம்.

இப்படிச் சில மாதங்கள் ஓடிய பிறகு டெல்லியிலிருந்து ஒரு குழு வண்டியைப் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. அவர்களுக்குப் பிடித்தால் மேலும் சில வண்டிகள் செய்ய அனுமதி. பிடிக்காவிட்டால் பிரிவையே கலைத்துவிடுவார்கள். நான் பழையபடி வரைபட அறைக்குப் போய்க் குழாய் வளைவுகளைச் சரிபார்க்க வேண்டும். காஜா பாய் தொழிற்சாலை பஸ்ஸுக்குத் திரும்ப வேண்டும். எங்களுக்காவது திரும்பிப் போக ஓர் இடம் இருந்தது. ரங்கராஜன் மாமாவுக்கு அதுவும் இல்லை. எங்களை நம்பித் தன் கடையை மூடிவிட்டு வந்தவர் அவர். வேலையும் தற்காலிகம்தான். பிரிவு போனால் அவர் போக வேண்டியது நேராக வீட்டுக்கு. இதை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்காது.

குழுவின் தலைவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், வெகுகாலம் டெல்லியில் இருந்தவர். ஸ்ரீரங்கத்தில் நவராத்திரி ஸேவையையும் பார்த்துவிடலாம் என்று விஜயதசமி அன்றே ஆய்வை வைத்துக்கொண்டார். காலையில் தரிசனம், மதியச் சாப்பாட்டுக்கு மேல் வண்டி. முழுப் பாரத்தோடு, நிற்காமல், சித்திரை வீதிகளை மூன்று சுற்று சுற்றிக் காட்டுவதாக எங்கள் மேனேஜர் எழுதி அனுப்பியிருந்தார். முழு சார்ஜ் இருந்தால் அதற்கு மேலும் போகும். மாமாவிடம், "விஜயதசமி மதியம் வண்டி ரெடியா இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கு மேல் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

விஜயதசமி காலை நேரத்தோடு பஸ் பிடித்து மாம்பழச்சாலைக்குப் போனேன். அந்தச் சார்ஜரின் உறுமல் சாலையிலேயே கேட்கும். அன்று காக்கைச் சத்தம்தான் கேட்டது. உள்ளே ஓடினேன்.

ஷெட் கல்யாண வீடு மாதிரி இருந்தது. வண்டிக்குச் சாமந்தி மாலை, நான்கு சக்கரத்துக்கும் பின்கதவுக்கும் சந்தனம் குங்குமம், அடியில் எலுமிச்சம்பழம். தரையில் வாழையிலை விரித்து ஸ்பேனர்கள், எண்ணெய்க் குவளை, ஆசிட்டை அளக்கும் கண்ணாடிக் குழாய், என்னுடைய காம்பஸ் பெட்டி எல்லாம் பொட்டு வைத்துக்கொண்டு வரிசையாக இருந்தன. சார்ஜருக்கும் மாலை. அதன் நெம்புகோல் கீழே இறங்கியிருந்தது, அதன்மேல் ஒரு செம்பருத்தி.

"மாமா! சார்ஜர் ஏன் நின்னுபோச்சு?"

"நின்னு போகலை மேடம்," என்றார் மாமா, குளித்து மடியாக, முகமெல்லாம் சிரிப்பாக. "ஓய்வு எடுத்துண்டிருக்கு. நேத்தி ஆயுத பூஜையோன்னோ?"

அவரே விளக்கினார். "பூஜையில வெச்ச ஆயுதத்தை மறுபூஜை பண்ணி எடுக்கற வரைக்கும் தொடலாமோ? நல்ல நேரம் வரட்டும், கற்பூரம் காட்டிட்டுப் போட்டுடறேன். மத்தியானத்துக்குள்ள ஏறிடும், நீங்க பதறாதீங்கோ."

உங்களில் சிலர் இந்த இடத்தில் சிரிப்பீர்கள். சிரிக்காதீர்கள், அவர் கணக்குச் சரியானதுதான். முந்திய ஓட்டத்தில் மிச்சமிருந்த சார்ஜே பாதிக்குக் குறையாது. காலையில் போட்டால் மதியத்துக்குள் மூன்று சுற்றுக்குத் தேவையானது ஏறிவிடும். ஆயுத பூஜையன்று ஊரில் கத்தரிக்கோல்கூட வேலை செய்யாது, சைக்கிள்கூட வீதிக்கு வராது. சார்ஜர் மட்டும் என்ன பாவம் செய்தது? அந்தக் கேள்வியை எங்கள் திட்டத்தில் யாரும் கேட்டுக்கொள்ளவே இல்லை. நான் மூச்சை இழுத்துவிட்டு, சரி, மதியம் வரை நேரம் இருக்கிறது என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஜீப் வந்து நின்றது. மேனேஜர் குதித்து இறங்கினார். "டெல்லிக் குழு சேர்மன் விடியக்காலையிலேயே தரிசனம் முடிச்சிட்டாராம். கோயில்லேருந்து நேரா இங்கதான் வர்றார். வண்டியை வெளியில எடுங்க!" என்றவர், சார்ஜரையும் அதன் மாலையையும் செம்பருத்தியையும் பார்த்தார். நான் விஷயத்தைச் சொன்னேன்.

அவர் மாமாவைப் பார்த்துக் கத்திய கத்தலில் கூரையிலிருந்த புறாக்கள் எழும்பிப் பறந்தன. "உங்களை நம்பித்தானே விட்டேன்! இன்னைக்கு வண்டி வழியில நின்னுச்சுன்னா நாளையிலேருந்து நீங்க வர வேண்டாம், சொல்லிட்டேன்!"

மாமாவின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. சார்ஜரிடம் போனார், மாலையைக் கழற்றிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார், நல்ல நேரம் வருமுன்பே நெம்புகோலை மேலே தள்ளினார். உறுமல் கிளம்பியது.

மேனேஜர் அடுத்ததாக, "மின்னோட்டத்தைக் கூட்டி வைங்க. கிடைக்கிற நேரத்துல ஏத்துறவரைக்கும் ஏத்திடலாம்" என்றார்.

"வேண்டாம் சார். நடு வரிசை பேட்டரிங்க ஏற்கெனவே சூடாகுற வரிசை. கோடையில ஒண்ணு விரிசல் விட்டதை மறந்துட்டீங்களா? சேர்மன் சீட்டுக்கு அடியில ஆசிட் கொதிச்சா, வண்டி நிக்கிறதைவிட மோசம்" என்றேன்.

"அப்ப ஒண்ணும் சொல்லாம ஓட்டிடலாம். சார்ஜ் முள்ளு எவ்வளவு காட்டுதுன்னு அவருக்கா தெரியப்போகுது?"

"சொல்லிடலாம் சார்."

காவிரியில் குதிக்கலாம் என்று நான் சொன்னது போல அவர் என்னைப் பார்த்தார். நான் யோசித்தது இதுதான். சொல்லாமல் ஓட்டி வண்டி நின்றால், கெட்ட வண்டி என்று எழுதுவார்கள். சொல்லிவிட்டு ஓட்டி நின்றால், சார்ஜ் தீர்ந்தது என்று எழுதுவார்கள். இரண்டாவதற்கு மருந்து உண்டு. என்னை ஏதோ உத்தமி என்று நினைத்துவிடாதீர்கள். எனக்குப் பொய் சொல்ல வராது, சொன்னால் காது சிவந்துவிடும், அதுவும் ஒரு காரணம்.

சேர்மன் வந்தார். பட்டுக்கரை வேட்டி, கையில் துளசியும் பிரசாதப் பொட்டலமும். கூட வந்த இரண்டு பேரும் வடக்கத்திய என்ஜினியர்கள், சஃபாரி உடையில் வியர்த்து நின்றார்கள். மேனேஜர் வரவேற்று முடிப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"சார், மூணு சுத்துன்னு உங்களுக்கு எழுதியிருந்தோம். வண்டியில பாதி சார்ஜ்தான் இருக்கு. இன்னைக்கு ஒரு சுத்துதான் உறுதியாச் சொல்ல முடியும்."

"ஏன்?"

"நேத்து ஆயுத பூஜை சார். சார்ஜருக்கும் ஓய்வு குடுத்துட்டோம்."

அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மற்ற இருவரிடம் ஆங்கிலத்தில் சொன்னார். அதில் ஒருவர் நம்பாமல் மறுபடி கேட்டார். பிறகு சேர்மன், "சரி, ஏறுவோம். எவ்வளவு தூரம் போகுதோ போகட்டும்" என்றார். மேனேஜர் துடைத்த துடைப்பில் கண்ணாடி உடையாமல் இருந்தது ஆச்சரியம்தான்.

மாமா வரவில்லை. வாசலில் நின்று கைகூப்பினார், எங்களுக்கா வண்டிக்கா என்று தெரியவில்லை. காஜா பாய் எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டியை எடுத்தார். கோயிலுக்குப் போக நின்றிருந்தவர்களை ஏற்றிக்கொண்டோம், இருக்கைகள் நிறைந்தன. முழுப் பாரம் என்று எழுதியிருந்தோமே, அதையாவது காப்பாற்ற வேண்டாமா.

ரயில்வே கேட் மூடியிருந்தது. முன்னும் பின்னும் பஸ்ஸும் லாரியும் நின்ற இடத்திலேயே உறுமிப் புகை கக்கிக்கொண்டிருந்தன. எங்கள் வண்டியில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. சேர்மன் முன்னால் குனிந்து, "என்னப்பா, நின்னுபோச்சா?" என்றார்.

"கேட்டுக்காக நிக்குதுங்கய்யா," என்றார் காஜா பாய். "நிக்கும்போது இது ஒண்ணும் சாப்பிடாது. அந்த லாரிங்களைப் பாருங்க, நின்னுகிட்டே தின்னுதுங்க." சேர்மன் ஜன்னல் வழியே லாரிகளைப் பார்த்தார், தலையை மட்டும் ஆட்டினார்.

ராஜகோபுரம் அப்போது பாதிதான் எழுந்திருந்தது, சாரம் கட்டி நின்றது. அதைத் தாண்டிச் சித்திரை வீதியில் நுழைந்தோம். காஜா பாய் முட்டையை மிதிப்பது போல மிதித்து ஓட்டினார், டிபன் கேரியர் கடகடத்தது, கோலம் போட்டவர்கள் சிரித்துக்கொண்டே ஒதுங்கினார்கள். ஒரு சுற்று முடிந்தது. சொன்ன வாக்கைக் காப்பாற்றியாயிற்று. ஆனால் முள் சாய்ந்திருந்தது, எனக்குப் பிடிக்காத அளவுக்குச் சாய்ந்திருந்தது.

"இன்னொரு சுத்து போகுமா?" என்றார் சேர்மன்.

போகும் என்றால் வடக்கு வீதியில் நின்றாலும் நிற்கும். போகாது என்றால் ஒரு சுற்று வண்டிக்கு யார் அனுமதி தருவார்கள்? மேனேஜர் எனக்குக் கண்ணைக் காட்டினார், போகலாம் என்று சொல்லச் சொல்லி. அந்தக் கால பேட்டரிக்கு ஒரு குணம் உண்டு. களைத்துப்போனால் கொஞ்சம் சும்மா விட வேண்டும், தானாகவே சற்றுத் தேறும். மலைக்கோட்டைப் படியில் ஏறுகிறவர் நடுவில் உட்கார்ந்து எழுந்தால் மேலும் சில படி ஏறுவார் இல்லையா, அப்படி.

"போகும் சார். ஆனா இப்பவே வேண்டாம். வண்டிக்கு மூச்சு வாங்குது. நாம ஒரு காபி சாப்பிட்டுட்டு வந்தா அதுவும் தேறிடும்."

சேர்மன் முதல்முறையாகச் சிரித்தார். "எனக்கும் மூச்சு வாங்குதும்மா. வாங்க."

தெற்குச் சித்திரை வீதியில் ஒரு காபிக் கடைக்குப் போனோம். காஜா பாய் வரவில்லை, முள்ளையே பார்த்துக்கொண்டு வண்டியில் உட்கார்ந்திருந்தார். டம்ளரை நாங்கள் கீழே வைப்பதற்குள் வீதியிலிருந்து அவர் குரல் கேட்டது. "யம்மா! ஏறுதும்மா! முள்ளு ஏறுது!" பிரசவ வார்டிலிருந்து ஓடிவந்து சொல்கிற தகப்பன் குரல் அது. கடையில் இருந்தவர்கள் எல்லாம் என்ன ஏது என்று எழுந்து வந்து பார்த்தார்கள். வடக்கத்திய என்ஜினியர்களில் ஒருவர் தானே போய் முள்ளைப் பார்த்துவிட்டு வந்து சந்தோஷமாகத் தலையாட்டினார்.

இரண்டாவது சுற்றும் நிற்காமல் முடிந்தது. வண்டிக்குள் எல்லோருக்கும் உற்சாகம். ஏறியிருந்த பயணிகளே, "இன்னொண்ணு போங்க!" என்றார்கள். மேனேஜர் முகம் மலர்ந்து, மூன்று என்று விரலைக் காட்டினார். உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இந்த இடம்தான். எல்லாம் கெட்டுப்போயிருக்கும்போது நிதானமாக இருப்பது சுலபம், வேறு வழி இல்லை. எல்லாம் நன்றாகப் போகும்போது போதும் என்று சொல்வதுதான் கஷ்டம். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் முள் என் கண்ணெதிரே இருந்தது.

"மூணாவது வேண்டாம் சார். வீடு திரும்பணும்" என்றேன்.

"அவ்வளவுதானா?" என்றார் சேர்மன்.

"இன்னைக்கு அவ்வளவுதான் சார்."

திரும்பினோம். வழியில் கோயில் வாசலில் பயணிகளை இறக்கிவிட்டு, தரிசனம் முடிந்து நின்றவர்களை ஏற்றிக்கொண்டோம். ரயில்வே கேட் திறந்திருந்தது, அதற்கு நான் வானத்தில் இருக்கும் எல்லாச் சம்மனசுகளுக்கும் நன்றி சொன்னேன். ஷெட் வாசலில் மாமா அதே இடத்தில் நின்றிருந்தார், காபித் தண்ணி கூடக் குடித்திருக்க மாட்டார். வண்டி வருவதைப் பார்த்ததும் அவர் கை தானாகக் கூப்பியது. வந்துவிட்டோம் என்று நான் நினைத்தபோதுதான், நெல் கிடங்குக்கே உரிய அந்த வாசல் மேடு முன்னால் நின்றது. வண்டி அதில் பாதி ஏறியது. டிபன் கேரியர் ஒருமுறை டங்கென்றது. வண்டி நின்றுவிட்டது.

முதலில் இறங்கியவர் சேர்மன்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்பக்கம் போய்த் தோளைக் கொடுத்தார். பிறகு சும்மா இருக்க முடியுமா? வடக்கத்திய என்ஜினியர்கள், மேனேஜர், நான், கோயிலிலிருந்து திரும்பிய பயணிகளில் தெம்புள்ளவர்கள் என எல்லோரும் தள்ளினோம். மாமா ஓடிவந்து சேர்மன் பக்கத்தில் தோளைக் கொடுத்தார். "ரங்கா! ரங்கா!" என்று பயணிகளில் யாரோ குரல் கொடுக்க, வண்டி மேடேறி உள்ளே போனது. சேர்மனின் வெள்ளைச் சட்டை முழுக்க எங்கள் பூஜைச் சந்தனம்.

அதைத் தட்டிக்கொண்டே அவர் கேட்டார். "சார்ஜரை யாரு அணைச்சது?"

மாமா ஓர் அடி முன்னால் வந்தார். "அடியேன்தான்."

காலையில் கத்திய எங்கள் மேனேஜர் அப்போது குறுக்கே வந்து நின்றார். கையில் கண்ணாடி இல்லை, கண்ணில் இருந்தது. "சார், அவர் மேல தப்பு இல்லை. மதியத்துக்கு ரெடியா இருக்கணும்னு மட்டும்தான் நான் சொன்னேன். பூஜைக்குச் சார்ஜரை அணைக்கலாமா கூடாதான்னு நாங்க யாரும் யோசிக்கலை." அந்த ஒரு பேச்சுக்காக அவர் என்மேல் அதற்கு முன்பும் பின்பும் எரிந்து விழுந்ததையெல்லாம் மன்னித்துவிட்டேன்.

சேர்மன் மாமாவையே பார்த்தார். "எங்க வீட்டுல ஆயுத பூஜைக்கு என் அப்பா பேனாவைக்கூடத் தொட விடமாட்டார்" என்றார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "எத்தனையோ ஊர்ல எத்தனையோ வண்டி பாத்துட்டேன். எல்லாம் எனக்காகக் குளிச்சு, வயிறு முட்டச் சாப்பிட்டு, பவுடர் பூசிகிட்டு நிக்கிற வண்டிங்க. நான் ஊருக்குத் திரும்பினப்புறம் அதெல்லாம் எப்படி ஓடுதுன்னு எனக்குத் தெரியாது. விரதம் இருந்து ஓடின வண்டி இது ஒண்ணுதான். ஒரு சுத்துன்னு சொல்லி ரெண்டு சுத்து ஓடிச்சு. எப்ப நிக்கணும்னு இந்தப் பொண்ணுக்கும் தெரிஞ்சிருக்கு. இன்னும் பண்ணுங்க."

அவர் ஜீப்பில் ஏறுகிறவரை நாங்கள் மரியாதையாக நின்றோம். ஜீப் சாலையில் திரும்பியதும் காஜா பாய் மாமாவைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். மாமா, "விடும் ஓய், நான் மடி!" என்று கத்தினார். நான் சிரித்துக்கொண்டே அழுதேன். மேனேஜர் கண்ணாடியைத் துடைத்தார், இந்தத் தடவை கண்ணையும் சேர்த்து.

மாமாவின் வேலை நிரந்தரமாயிற்று. அடுத்த ஆண்டு ஷெட்டில் புது வண்டிகள் வந்து நின்றன. ஆயுத பூஜை நெருங்கியதும் எங்கள் மேனேஜர் நாள் கணக்கில் உட்கார்ந்து ஒரு சுற்றறிக்கை தயாரித்தார். பூஜை நாட்களில் எக்காரணம் கொண்டும் சார்ஜரை அணைக்கக் கூடாது என்று சிவப்புக் கோடு போட்டு, முத்திரை வைத்து, மாம்பழச்சாலைக்கு அனுப்பினார். அனுப்பியபின் எனக்கு வேறு கவலை. காகிதத்தில் உத்தரவு போட்டு ஒருவரின் பூஜையில் கை வைக்கலாமா? மாமா மனம் நொந்துவிட்டால்? பூஜையன்று நேரிலேயே போனேன்.

சாலையிலேயே உறுமல் கேட்டது. உள்ளே வண்டிகளும் ஸ்பேனர்களும் மாலையும் சந்தனமுமாக ஓய்வெடுத்துக்கொண்டிருந்தன. சார்ஜர் மட்டும் வேலை செய்தது. அதன்முன் பெரிதாக ஒரு மாக்கோலம்.

"என்ன மாமா, இந்த வருஷம் சார்ஜருக்கு ஓய்வு கிடையாதா?" என்று மெல்லக் கேட்டேன்.

"அது ஆயுதமே இல்லை மேடம். வருஷம் பூரா யோசிச்சுப் பார்த்துட்டேன். வண்டிக்கெல்லாம் சாப்பாடு போடறது எது? அது மடப்பள்ளின்னா! உற்சவத்தன்னிக்குப் போய்க் கோயில் மடப்பள்ளியில அடுப்பை அணைப்பாளோ? அன்னிக்குத்தானே தளிகை ஜாஸ்தி!" என்று சொல்லிக் கையில் சுண்டலை வைத்தார்.

எனக்கு ஒரே சந்தோஷம். "நல்லவேளை மாமா, எங்க சுற்றறிக்கையைப் படிச்சிட்டு நீங்க வருத்தப்படுவீங்களோன்னு நினைச்சேன்" என்றேன்.

மாமா பூஜை இலையைக் காட்டினார். ஸ்பேனர்களுக்கும் என் காம்பஸ் பெட்டிக்கும் நடுவில் எங்கள் அலுவலக உறை, ஒட்டியது ஒட்டியபடி, சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு இருந்தது.

"காலம்பறதான் வந்தது. இன்னிக்கு சரஸ்வதி பூஜையோன்னோ, எதையும் பிரிச்சுப் படிக்கப்படாது. நாளைக்கு மறுபூஜை ஆனதும் முதல் வேலையா படிச்சுடறேன், மேனேஜர்ட்ட சொல்லிடுங்கோ."